முப்பத்தெட்டாம் ஜோடி

09.02.2021 — இடது கால் எலும்பு முறிவு. மாவுக்கட்டு 44 நாள்.
28.04.2021 — முதல் ஜோடி கையுறை முடிந்தது. ஒரு கைக்கு 48 கண்ணி, 62 சுற்று. ஜோடிக்கு 5,952 கண்ணி.
17.10.2021 — சொந்தமாக வரைந்த முதல் படம். லோயர் கேம்ப் குழாய்கள். 52 கண்ணி, 66 சுற்று. ஜோடிக்கு 6,864.
12.06.2022 — காற்றாலைப் படம். 56 கண்ணி, 70 சுற்று. ஜோடிக்கு 7,840.
30.09.2023 — அதுவரை முடிந்தவை 37 ஜோடி. சொந்தப் படங்கள் 21. குளிரில் அணிந்து பார்த்தவர்கள் 0.

கட்டைவிரலுக்கான கண்ணிகளை மேலே சேர்க்கவில்லை. நுனியில் குறைத்துக்கொண்டு போவதையும் கழிக்கவில்லை. மற்றபடி எண்கள் சரி.

தேவாரத்தில் எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீடு இவாஞ்சலினுடையது. போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய்க் கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் தரம் பிரிக்கும் வேலை பார்த்தவர். எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்பது எது, ஏழில் விழுவது எது என்று கையில் அள்ளியவுடனே சொல்வார். 2020இல் வேலையை விட்டார். அடுத்த ஆண்டு, கணவர் ஆல்பர்ட்டின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது வேகத்தடையில் தூக்கிப்போட்டுக் கால் முறிந்தது. ஆல்பர்ட் எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அன்றிலிருந்து அவர் மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டுவதில்லை.

கட்டுப் போட்டுப் படுத்திருந்த நாட்களில் இவாஞ்சலின் செல்போனில் பின்னல் வீடியோக்கள் பார்க்கத் தொடங்கினார். கோவையில் இருக்கும் மகள் ஜெசி ஊசிகளும் நூலும் அனுப்பினாள். ஸ்வெட்டர் முடிய மாதக்கணக்காகும் என்பதால் அதில் இறங்கவில்லை. அவருக்குப் பிடித்தது மிட்டன் என்னும் கையுறை. நான்கு விரலுக்கும் சேர்த்து ஒரே பை, கட்டைவிரலுக்கு மட்டும் தனி அறை. இரண்டு நிற நூலைச் சேர்த்துப் பிடித்து, ஒரு கண்ணி வெள்ளை, ஒரு கண்ணி நீலம் என்று மாற்றி மாற்றிப் போட்டால் படம் எழும். பத்து நாளில் ஒரு ஜோடி முடிந்துவிடும்.

வீடியோவில் வரும் படங்கள் நட்சத்திரம், பனிமான், ஊசியிலை மரம். ஐந்து ஜோடிக்குப் பிறகு அவை அவருக்குச் சலித்துவிட்டன. "பாக்காத மானை எத்தன தடவ பின்னுறது?" என்றார். பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் கிராப் நோட்டு ஒன்று வாங்கினார். ஒரு கட்டம் ஒரு கண்ணி. லோயர் கேம்ப் மலையில் இறங்கும் மின்நிலையக் குழாய்களை வரைந்தார். திராட்சைப் பந்தலைக் கீழிருந்து பார்த்தால் தெரியும் கம்பிக் கட்டங்களை வரைந்தார். ஏலக்காய்ச் சல்லடையின் கண்களைப் புள்ளிகளாக்கி உள்ளங்கைப் பக்கத்துக்கு வைத்தார். காற்றாலையின் மூன்று இறக்கைகளைக் கட்டத்துக்குள் சாய்வாகக் கொண்டுவர அவருக்கு ஒன்பது தாள் செலவாயிற்று. பத்தாவது தாளில் சரியாக வந்தது.

தாள்கள் சிதறிப்போகின்றன என்று தேதியும் எண்ணும் எழுதி வைக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். அதனால்தான் இவ்வளவும் என்னிடம் இருக்கிறது.

தேவாரத்தில் கையுறைக்கு வேலை இல்லை. கொடுத்த ஜோடிகள் என்ன ஆயின என்பதையும் குறித்திருக்கிறேன். ஏழாம் ஜோடியில் ஒன்று தண்ணீர் பாட்டிலுக்கு உறை. பதினொன்றாம் ஜோடி ஒரு வீட்டில் டிவி ரிமோட்டும் ஏசி ரிமோட்டும் போட்டு வைக்க. பேக்கரி வைத்திருக்கும் ஹேமாவதி நான்காம் ஜோடியைப் போட்டுக்கொண்டு அடுப்பிலிருந்து தட்டை இழுத்தார். அந்த நாளில் இவாஞ்சலின் பேன்சி கடை நூலில் பின்னிக்கொண்டிருந்தார். அது பிளாஸ்டிக் நூல். இளகித் தட்டில் ஒட்டிக்கொண்டது.

"நீங்க குடுத்தது நல்லாத்தான் இருந்துச்சுக்கா. அன்னைக்குப் பன்னுதான் நீலமாப் போச்சு" என்றார் ஹேமாவதி.

அதன் பிறகு உண்மையான ஆட்டு ரோம நூலைக் கூரியரில் வரவழைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் கடையில் பதினாறாம் ஜோடியை மாட்டிக்கொண்டு ஐஸ்கட்டியைப் பதினோரு நிமிடம் பிடித்துப் பார்த்தார். கை சில்லிடவில்லை. ஆனால் நெற்றியிலிருந்து வேர்வை ஒழுகிக்கொண்டிருந்தது. போதாததற்கு மீன்காரர் ஐஸ்கட்டிக்குக் காசும் கேட்டார். இதைச் சோதனை என்று எழுத வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

2023 அக்டோபர் முதல் வாரத்தில் ஆல்பர்ட்டின் கடையில் வைத்து அவர் சொன்னது இது.

"ஏலக்கா வாங்க வர்றவுக வாயில போட்டுக் கடிச்சுப் பாத்துட்டுத்தான் வெல சொல்லுவாக. நான் முப்பத்தேழு ஜோடி பின்னிருக்கேன். ஒருத்தரும் கடிச்சுப் பாக்கல. இது கைக்கு ஒதவுற சாமானா, இல்ல நூலுல வரஞ்ச படமான்னு எனக்கே தெரியல. இந்தக் குளிருகாலம் முடியறதுக்குள்ள தெரியணும். தெரியலன்னா பின்னுறத நிறுத்திக்கிறேன்."

"நிறுத்திட்டு?" என்று கேட்டார் ஆல்பர்ட்.

"ஒங்க கூட ஒக்காந்து காயில் கட்டுறேன்."

"அப்ப நீ பின்னு."

கருத்தக்கண்ணன் அந்த மாதம் ஊருக்கு வந்திருந்தான். பொட்டிப்புரத்துக்காரன். தோட்டத்து மோட்டாரைப் பல வருடமாக ஆல்பர்ட்டிடம் கொண்டுவருவதால் ஆல்பர்ட்டை மாமா என்றும் இவாஞ்சலினை அத்தை என்றும் அழைப்பான். இங்கே ஜேசிபி ஓட்டிக்கொண்டிருந்தவன், இரண்டு ஆண்டுகளாக இமாசலத்தில் ஒரு மலைச்சாலையில் பனி அள்ளும் இயந்திரம் ஓட்டுகிறான். முகாமில் செல்போன் எடுக்காது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கீழே டவுனுக்குப் போகும் லாரியில் தபால் போகும், வரும்.

குளிருக்கு ஆள் கிடைத்துவிட்டான். முப்பத்தெட்டாம் ஜோடி அவனுக்கு என்று முடிவாயிற்று. மேல்பக்கம் காற்றாலை, உள்ளங்கையில் சல்லடைப் புள்ளி. நான் ஒரு தாளில் கட்டம் போட்டுக் கொடுத்தேன். தேதி, காலைக் குளிர் எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் அணிந்தது, நனைந்ததா, என்ன குறை. முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறைகள் மூன்றும் கொடுத்தோம். 04.11.2023 அன்று அவன் கிளம்பினான்.

அடுத்த ஜோடியை அதே படத்தில் தொடங்கப் போன இவாஞ்சலின், 21.11.2023 காலையில் கிராப் நோட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அந்த வரிசைக்கு எதிரே பென்சிலால் ஒரு கோடு போடுவது அவர் வழக்கம். வலது கைக்கு ஒரு பக்கம், இடது கைக்கு அதைத் திருப்பினால் வரும் பக்கம். கட்டைவிரல் இடம் மாறும் என்பதால் இரண்டையும் தனித்தனியே வரைந்திருந்தார்.

"அண்ணே, இங்கன பாருங்க" என்றார்.

வலது கைப் பக்கத்தில் ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டிரண்டு கோடுகள். இடது கைப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. கருத்தக்கண்ணன் கிளம்பும் அவசரத்தில், படம் மனப்பாடம் என்று பக்கத்தைத் திருப்பாமலே மூன்று நாளில் இரண்டாவதைப் பின்னியிருக்கிறார். இரண்டுமே வலது கைக்கு. அதில் ஒன்றைக் காற்றாலை மேலே தெரியும்படி இடது கையில் மாட்டினால் கட்டைவிரல் அறை சுண்டுவிரல் பக்கம் போய்விடும்.

"அந்தக் குளிருல அவன் எடது கைய வச்சுக்கிட்டு என்ன பாடுபடுறானோ. என்ன திட்டித்தான் எழுதப் போறான்" என்றார். அன்று முதல் தபால்காரர் வரும் நேரத்துக்கு அவர் வாசலில் இருந்தார்.

முதல் கடிதம் 08.12.2023 அன்று வந்தது. கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. பதினான்கு நாளும் குளிர் மைனஸ் எட்டு. பதினான்கு நாளும் அணிந்தது ஆறு மணி நேரம். குறை என்ற கட்டத்தில் பதினான்கு முறை 'இல்லை'. கீழே இப்படி எழுதியிருந்தான்: "அத்தைக்கு வணக்கம். கிளவுஸ் ரெண்டும் கைக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு. ரெண்டு கையிலயும் காத்தாடி மேல அழகா தெரியுது. எல்லாரும் எங்க வாங்குனதுன்னு கேக்குறாக."

இவாஞ்சலின் அதை மடித்து உறைக்குள் வைத்தார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. "போட்டே பாக்கல" என்று மட்டும் சொன்னார். வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று என்று முப்பத்தொன்பதாம் ஜோடியை ஒழுங்காக முடித்து எடுத்துவைத்தார்.

17.12.2023 ஞாயிற்றுக்கிழமை கருத்தக்கண்ணன் டவுனுக்கு வந்து கடைக்குப் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"கண்ணா, ஒனக்கு எடது கையில கட்டவெரலு எந்தப் பக்கம் இருக்கு?"

"என்ன அத்தை கேக்குறீக?"

"சுண்டுவெரலுக்கு அங்கிட்டு மொளச்சிருக்கா?"

"வெளங்கலையே."

ஆல்பர்ட் குறுக்கிட்டார். "ஏலே, ஒங்கத்தை ரெண்டையும் வலது கைக்கே பின்னிப்புட்டா. நீ ரெண்டு கையிலயும் காத்தாடி தெரியுதுன்னு எழுதிருக்க. மாட்டிக்கிட்ட."



"போடல அத்தை" என்றான். "எங்கிட்டக் கெடக்குறதெல்லாம் கிரீஸும் டீசலும். நீங்க கையால பின்னிக் குடுத்தத எப்படிப் போட்டு அழுக்காக்குறது? மனசு வரல. பெட்டியில சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிருக்கேன். ஊருக்கு வர்றப்பப் போட்டுக்கிட்டு வர்றேன்."

"சித்திரையிலயா?" என்றார் ஆல்பர்ட். "ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவச்சிர்றேன்."

"சும்மா இருங்க" என்று கணவரை அடக்கிவிட்டு இவாஞ்சலின் பேசினார். "கண்ணா, நீ போட்டாலும் கொற சொல்ல மாட்ட. சொந்தமாப் பழகிட்ட. இன்னொரு ஜோடி அனுப்புறேன். அங்கன என்னயத் தெரியாத ஆளு ஒருத்தர் கையில குடு. யாரு பின்னுனதுன்னு சொல்லாத. அவுக என்ன சொல்றாகளோ அத அப்படியே எழுது. ஒரு வார்த்த கூட்டாத, கொறைக்காத."

"திட்டுனாலுமா?"

"திட்டுனா அதத்தான் மொதல்ல எழுதணும்."

முப்பத்தொன்பதாம் ஜோடி 19.12.2023 அன்று ஸ்பீடு போஸ்ட்டில் போனது. கருத்தக்கண்ணன் அதை ஜார்க்கண்டிலிருந்து வந்திருந்த ஒரு கூலியாளிடம் கொடுத்தான். இயந்திரம் எட்டாத ஓரங்களில் மண்வெட்டியால் பனி தள்ளுபவர். இரண்டாம் கடிதம் 19.01.2024 அன்று வந்தது. இந்த முறை குளிர் ஒரு நாள் மைனஸ் மூன்று, ஒரு நாள் மைனஸ் பதினொன்று. குறைக் கட்டத்தில் இடம் போதாமல் தாளின் பின்பக்கமும் எழுதியிருந்தது.

விரலை உள்ளே விடும்போது நூலில் நகம் மாட்டுகிறது. இரண்டு நூல் அறுந்துவிட்டது. மணிக்கட்டுப் பக்கம் குட்டை, பனி உள்ளே போகிறது. கட்டைவிரலுக்கு ஒரு நகம் அளவு நீளம் பற்றாது. இதைப் பின்னியவர் மண்வெட்டி பிடித்ததே இல்லை.

இவாஞ்சலின் இதைச் சத்தமாகப் படித்தார். கடைசி வரியை இரண்டு முறை படித்தார்.

"சரியாத்தான சொல்லிருக்காரு. நான் எங்க புடிச்சேன்?" என்றார்.

நூல் மாட்டியதற்குக் காரணத்தை அவரே கண்டுபிடித்தார். ஒரு நிறம் மேலே வரும்போது மற்ற நிற நூல் உள்பக்கமாகச் சும்மா ஓடும். காற்றாலை இறக்கைகளுக்கு நடுவே ஒன்பது கண்ணி வெறும் வெள்ளை. அவ்வளவு தூரமும் நீல நூல் உள்ளே தொங்கலாக ஓடியிருக்கிறது. வெளியே பார்ப்பவருக்கு அது தெரியாது. கையை விடுபவருக்குத்தான் தெரியும். அவர் படத்தை மாற்றி வரைந்தார். எந்த நிறமும் தொடர்ந்து நான்கு கண்ணிக்கு மேல் போகக்கூடாது என்று வைத்துக்கொண்டதில் காற்றாலைகள் சிறுத்தன, இடையில் புள்ளிகள் வந்தன. மணிக்கட்டுப் பட்டையைப் பன்னிரண்டு சுற்றிலிருந்து இருபத்தாறாக்கினார். கட்டைவிரலுக்கு ஐந்து சுற்று கூட்டினார். பழைய படத்தின் அழகு இதில் இல்லை என்று நான் சொன்னேன்.

"அழகு கெடக்குதுண்ணே. நகம் மாட்டாது" என்றார்.

நாற்பதாம் ஜோடி அதே ஜார்க்கண்ட்காரருக்கென்று 29.01.2024 அன்று போனது. கூடவே ஒரு குறிப்பும் வைத்தார். ஒரு மாதம் அணிந்த பிறகு, தேய்ந்ததோ கிழிந்ததோ, அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். எங்கே தேய்கிறது என்று பார்த்துப் புதிதாக ஒரு ஜோடி பின்னி அனுப்புவதாக எழுதியிருந்தார்.

பிப்ரவரி முழுவதும் அவர் ஊசியைத் தொடவில்லை. ஆல்பர்ட் இரண்டு முறை கேட்டார். பதில் வரட்டும் என்றார். நூல் உருண்டைகளைப் பாச்சை உருண்டை போட்டு அட்டைப்பெட்டியில் அடைத்து, கட்டிலுக்கடியில் தள்ளியிருந்தார்.

மூன்றாம் கடிதம் வந்தபோது உறை மெல்லியதாக இருந்தது. கையுறை உள்ளே இல்லை என்பது பிரிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. அதில் இருந்தது இவ்வளவுதான்:

"அத்தைக்கு வணக்கம். ஒரு மாசம் முடிஞ்சதும் கேட்டேன். குடுக்க மாட்டேங்கிறார். வலது கை உள்ளங்கையில ரெண்டு ஓட்டை விழுந்திருக்கு, கட்டைவிரலுக்கு அடியில. மண்வெட்டிக் கட்டை ஒரசுற இடம். அவரே சாக்கு தைக்கிற சணலால தச்சு வச்சிருக்கார். நகம் மாட்டல. பனி உள்ள போகல. மைனஸ் பதினஞ்சு அன்னைக்குப் போட்டிருந்தார், விரல் மரத்துப் போகலன்னு சொன்னார். பழசைக் குடுத்தா புதுசு வரும்னு சொல்லிப் பார்த்தேன். புதுசு வந்தா வரட்டும், இதைத் தரமாட்டேன்னுட்டார். ராத்திரி தலைமாட்டுல வச்சுத் தூங்குறார். நான் என்ன செய்ய? எனக்கு இந்த மாசத்தோட இங்க வேலை முடியுது. இனிமே லெட்டர் வராது, நேர்ல வர்றேன்."

"குடுக்க மாட்டாராமே" என்றார் இவாஞ்சலின். கடிதத்தை ஆல்பர்ட் வாங்கிப் படித்தார். அவர் படித்து முடிக்கும் முன்பே இவாஞ்சலின் குனிந்து, கட்டிலுக்கடியிலிருந்து அட்டைப்பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தார். உள்ளங்கைக்கு இரட்டை நூல் போட வேண்டும் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதிக்கொண்டேன். கடிதம் வந்த நாள் 18.03.2024, திங்கட்கிழமை.