முதுகுவலி என்று சொன்னவள்

சாக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் யாருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும் முதலில் தேடுவது டாக்டரை இல்லை, அழகியை. ஊர் ஜனம் தெருச்சண்டைக்கு நின்றால் எட்டூருக்குக் கேட்கும். அதே ஜனம் காரைக்குடி ஆஸ்பத்திரியில் டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடும். அழகி அப்படி இல்லை. கூடவே உள்ளே போவாள். நோயாளி இருமி முடிப்பதற்குள் இருமல் எப்போது வந்தது, சளி என்ன நிறம் என்பது வரை சொல்லிவிடுவாள். ஒருதரம் தன் வீட்டுக்காரர் தங்கச்சாமியைக் கூட்டிக்கொண்டு போனபோது, "வலி அவருக்கா, உங்களுக்கா?" என்று டாக்டரே கேட்டாராம். "வலி அவுகளுக்கு, வாயி எனக்கு" என்றாளாம். இதை அவளே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அழகியின் வாயால் பிழைத்தவர்கள் ஊரில் உண்டு, மறுக்க முடியாது. பெற்ற மகளுக்கு அந்த வாய் என்ன செய்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

மகள் தீபலட்சுமியை ஆத்தங்குடியில் கட்டிக்கொடுத்திருந்தாள். மாப்பிள்ளை வேல்பாண்டி சொந்தமாக ஒரு சின்ன லோடு வண்டி வைத்து, பட்டறைகளிலிருந்து தரைக்கல் ஏற்றிப்போகிறவர். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் தீபா காரைக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றாள். பெண் குழந்தை. தலை இறங்கச் சிரமப்பட்டதால் பிறப்புவாயில் கத்தி வைத்துக் கீறிப் பிள்ளையை எடுத்துத் தையல் போட்டிருந்தார்கள். நாற்பது நாள் கழிந்தும் அந்த இடத்தில் வலி விடவில்லை.

"உக்காந்தா ஊசி ஏத்துற மாதிரி இருக்கும்மா" என்றாள் தீபா.

"பிள்ளை பெத்த உடம்புன்னா அப்படித்தேன் இருக்கும் ஆத்தா. நான் உன்னையப் பெத்துப்போட்டு மூணாம் மாசம் களையெடுக்கப் போனவ" என்றாள் அழகி. ஆனால் கக்கூசுக்குப் போய்விட்டு வரும் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுவதைப் பார்த்த பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

பிரசவம் பார்த்த டாக்டரம்மா அன்றைக்கு லீவு. அந்த அறையில் ஒரு ஆண் டாக்டர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிரஷர் பார்க்க நின்றவன் சோமு. ஆத்தங்குடிக்காரன், வேல்பாண்டிக்குப் பங்காளி முறை. அவனைப் பார்த்ததும் அழகி மகளுக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். அந்தப் பக்கத்தில் தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணைப் பிள்ளையும் கையுமாக நல்லபடியாகத் திருப்பி அனுப்புவது தாய்வீட்டின் கௌரவம். அதில் ஒரு குறை வந்தால், 'முழுசா அனுப்புனோம், இப்படி ஆக்கி அனுப்பிருக்காக' என்று ஒரு சொல் வரும். ஒருதரம் வந்துவிட்டால் அந்தச் சொல் லேசில் போகாது. அதுவும் எந்த இடத்தில் குறை! சோமு காதில் விழுந்தால் பொழுது சாய்வதற்குள் ஆத்தங்குடி முழுக்கத் தெரிந்துவிடும்.

"என்ன பண்ணுதும்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"தையல் போட்ட..." என்று தீபா ஆரம்பித்தாள்.

"முதுகுவலி டாக்டர்" என்றாள் அழகி. "உக்கார முடியலைங்கிறா."

தீபா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். நாலு பேர் முன்னால் அம்மா சொன்னதை இல்லை என்று சொல்ல அவளை யாரும் வளர்க்கவில்லை. டாக்டர் எலும்பு டாக்டருக்கு எழுதிக் கொடுத்தார். எலும்பு டாக்டர் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் இடுப்புக்கு பெல்ட்டும் கொடுத்து, கூன் போடாமல் கெட்டியான பலகையில் நேராக உட்கார்ந்து பால் கொடுக்கச் சொன்னார்.

டாக்டர் சொன்னால் அழகிக்கு வேதவாக்கு. மரநாற்காலியை இழுத்துப் போட்டு, "நிமுந்து உக்காரு ஆத்தா, அப்பத்தேன் சரியாகும்" என்று எதிரே நின்று பார்த்துக்கொண்டாள். தீபா நிமிர்ந்து உட்கார்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு பால் கொடுத்தாள். வலி எந்த இடத்தில் என்பது அழகிக்குத் தெரியும். தெரிந்தும் உட்காரச் சொன்னாள். தான் சொன்ன பொய்யைத் தானே நம்பிவிட்டாளா, நம்பினால்தான் நிம்மதி என்று நம்பினாளா என்றால் அவளுக்கே பதில் தெரியாது. அஞ்சாம் மாதம் சீர்வரிசையோடு மகளையும் பேத்தியையும் ஆத்தங்குடிக்கு அனுப்பி வைத்தாள். யாரும் ஒரு குறை சொல்லவில்லை.

குழந்தைக்குக் குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் வைத்தார்கள். பந்தி நடந்தது. தீபா இலை போட்டாள், சாம்பார் வாளியைத் தூக்கினாள், உட்கார மட்டும் இல்லை. சம்பந்தி வெள்ளையம்மாள் நல்ல மனுஷிதான், ஆனால் வாய் கொஞ்சம் தடிப்பு.

"வீட்டுலயும் நின்டுக்கிட்டுத்தேன் திங்கிறா. எங்ககூட உக்காந்தா மகாராணிக்குக் கௌரவம் கொறஞ்சு போகுமாக்கும்" என்று சொல்லி, தீபாவின் தோளைப் பிடித்து அமுக்கிப் பந்தியில் உட்கார வைத்தாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அழகியும் சிரித்தாள். "சின்னப்பிள்ளையிலருந்தே அப்படித்தேன் சம்மந்தி, கால்ல சக்கரம்" என்றாள்.

இலையில் வைத்தது அப்படியே இருக்க, தீபா எழுந்து போனாள். சற்றுப் பொறுத்து அழகி தேடிக்கொண்டு போனபோது, கோயிலுக்குப் பின்னால் புளியமரத்தடியில் மண்டியிட்டு, ஒரு கையை மண்ணில் ஊன்றி, விரித்த சேலையில் கிடந்த குழந்தைக்குக் குனிந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் மூக்கு நுனியில் சொட்டியது.

"என்ன ஆத்தா, இப்படி?"

"இப்படித்தேன் தினமும். முதுகு இல்லம்மா. உனக்குத் தெரியும்ல?"

அழகி குழந்தையின் மேல் ஊர்ந்த எறும்பைத் தட்டிவிட்டாள். "தெரியும்ல?" என்று மறுபடியும் கேட்டாள் தீபா.

"தெரியும்" என்றாள்.

அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வேல்பாண்டி தன் வண்டியில் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். வெள்ளையம்மாளும், "மருமகளுக்கு முதுகு இன்னமுமா சரியாகலை, நானும் வாரேன்" என்று கிளம்பிவிட்டாள். குழந்தையை வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். பிரசவம் பார்த்த டாக்டர் அனுசுயா அன்றைக்கு இருந்தார். அவர் என்ன பண்ணுகிறது என்று கேட்டபோது, அழகி மகளின் முழங்கையைத் தொட்டு, "நீயே சொல்லு" என்றாள்.

தீபா சொன்னாள். உட்கார முடியாதது, கக்கூசுக்குப் பயந்து சோற்றைக் குறைத்தது, புருஷன் பக்கத்தில் வந்தால் நடுங்குவது, தன்னை இவளுக்கு வெறுத்துப்போச்சு என்று அவர் நினைத்து இப்போது வண்டியிலேயே படுத்துக்கொள்வது, எல்லாவற்றையும். பாதிக்கு மேல் அழகிக்குத் தெரியாத சங்கதி. ஊரார் நோயெல்லாம் அவளுக்கு அத்துப்படி, பெற்ற மகள் பட்டினி கிடந்தது தெரியவில்லை.

டாக்டர் சோதித்துப் பார்த்தார். "தையல் சரியா ஒட்டலை. உள்ள தசை வரைக்கும் விட்டுப்போயிருக்கு. அப்பவே காட்டியிருந்தா நானே பார்த்திருப்பேன். இப்போ மதுரையில இதுக்குன்னே இருக்கிற டாக்டர் பார்க்கணும், எழுதித் தர்றேன். ஆபரேஷன் தேவைப்படலாம்" என்றவர், பழைய சீட்டைப் பார்த்தார். "இதுல முதுகுவலின்னு இருக்கே, யார் சொன்னது?"

"நாந்தேன் டாக்டர்" என்றாள் தீபா சட்டென்று. "கூச்சமா இருந்துச்சு."

அம்மா பக்கம் அவள் திரும்பவே இல்லை. மகள் தன்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் அழகிக்குத் தேவலை போல இருந்தது. செருப்பால் அடித்திருந்தால் இன்னும் தேவலை.

"இல்ல டாக்டர். அவ சொல்லத்தேன் வந்தா. நான் குறுக்க விழுந்து மாத்திச் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா கேவலம்னு நெனச்சேன்."

டாக்டர் திட்டவில்லை. "ஆபரேஷன் பண்ணினா ரெண்டு மூணு மாசம் எதையும் தூக்கக் கூடாது. வீட்ல எல்லாருக்கும் விவரம் தெரிஞ்சிருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார்.

தீபா அம்மாவின் காதருகில் குனிந்தாள். "அத்தைகிட்ட முதுகுலதேன் ஆபரேஷன்னு சொல்லிருவோம்மா. தெரிஞ்சா நம்மளத்தேன் பேசுவாக."

அழகி என்ன சொல்லிக் கொடுத்தாளோ அதை மகள் பிசகில்லாமல் படித்து வைத்திருந்தாள். அதைக் கேட்ட பிறகு அழகியால் அங்கே நிற்க முடியவில்லை. கதவைத் திறந்து வெளியே வந்தாள். பெஞ்சில் முன்பின் தெரியாத நாலைந்து பேர் இருந்தார்கள். வெள்ளையம்மாள் நிமிர்ந்து, "என்ன சொல்றாக?" என்று கேட்டாள்.

"முதுகு இல்ல சம்மந்தி. பிள்ளை பெத்த எடத்துல தையல் சேரலை. அன்னைக்கிலருந்தே அந்த வலியோடதேன் கெடக்குறா. எனக்குத் தெரியும். நாந்தேன் உங்ககிட்டச் சொல்லாம மறைச்சேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். வெள்ளையம்மாள் சண்டைக்கு வருவாள் என்றுதான் அழகி நின்றாள். அவளோ மடியில் தூங்கிய குழந்தையின் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"பந்தியில அவ தோளைப் புடிச்சு அமுக்குனேனே" என்றாள். "இந்தக் கையாலதேன். தினமும் உக்காருடி உக்காருடின்னு கரிச்சுக் கொட்டுனேனே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் அப்படிச் செய்வேனா? நான் என்ன பேயா பிசாசா? உங்க கௌரவத்துக்கு என்னையப் பாவம் பண்ண வச்சிட்டீகளே சம்மந்தி."

அழகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தீபா மதுரைக்கான சீட்டோடு வெளியே வந்தாள். யாரோ ஒருவர் ஒதுங்கி, உட்காரம்மா என்று இடம் விட்டார். "வேணாம், அவ நிக்கட்டும்" என்று வெள்ளையம்மாள் குழந்தையோடு எழுந்து மருமகளின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். தீபாவுக்கு விளங்கிவிட்டது. அத்தையின் முகத்தைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"சொல்லிட்டியாம்மா?"

"சொல்லிட்டேன்."

"இவ்வளவுதேனம்மா" என்றாள் தீபா. குரலில் கோபம் இல்லை. "இதை அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல."