கல்லுக்குப் பின்பக்கம்

வனிதாவுக்கு வெள்ளைக்காரர்கள் போட்ட சண்டைகள் அத்தனையும் அத்துப்படி. நாகலூர்ப் பக்கத்தில் ஓர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவளுக்கு இந்தப் படிப்பெல்லாம் எதற்கு என்று கேலி பேசியவர்கள் உண்டு. அவள் உயிர்ப்பயத்தில் படித்தவள் என்பது வீட்டுக்காரன் பாலகுமாருக்கு மட்டும்தான் தெரியும்.

எஸ்டேட்டின் மேற்கு மூலையில் பலாமரத்தடியில் ஆளுயரக் கல் ஒன்று நிற்கிறது. துரைக்கல் என்பார்கள். பழம் பறிக்கத் தொடங்கும் முன் அதற்குச் சுருட்டும் பிராந்தியும் வைத்துக் கும்பிட வேண்டும். கும்பிட்டவர்கள் முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நகர்ந்து வர வேண்டும். கல்லுக்குப் பின்பக்கம் யாரும் போகக் கூடாது. துரை முதுகுக்குப் பின்னால் கூலியாள் நிற்கலாமா? வெள்ளைக்காரன் கப்பலேறி எத்தனையோ காலமாகியும் அந்த மரியாதை மட்டும் மலையை விட்டு இறங்கவில்லை.

கல்யாணமாகி வந்த வருஷமே கும்பிடும்போது துரை அவள் மேல் வந்துவிட்டார். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆக வேண்டும்? முதலில் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடுவார். வருஷத்துக்கு வருஷம் நேரம் நீண்டது. போன தடவை பொழுது சாயும்வரை இறங்கவில்லை. அவள் உடம்பு சில்லிட்டுப்போனது. வாயில் ஊற்றிய பிராந்தியைத் துப்பிக்கொண்டே இருந்தாளாம். அடுத்த தடவை இறங்கவே மாட்டாரோ என்று வனிதா நடுங்கினாள்.

பேர் சொல்லி அழைத்து, என்ன வேண்டும் என்று கேட்டால்தான் வந்தது ஒரேயடியாக இறங்கும் என்பார்கள். துரையின் பேர் யாருக்கும் தெரியாது. கல்லின் முன்பக்கத்து இங்கிலீஷ் எழுத்து தேய்ந்து கிடந்தது. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் சத்யராஜ் முக்கிமுனகி அதில் 'யுத்தம்' என்ற ஒரு சொல்லைத்தான் கண்டுபிடித்தார்.

எந்த யுத்தம்? பழம் பறித்துக்கொண்டே போனில் சரித்திரம் கேட்க ஆரம்பித்தாள். பிரெஞ்சுக்காரனோடு தலைமுறை தலைமுறையாக, கிரிமியாவில் ரஷ்யாக்காரனோடு, ஆப்பிரிக்காவில் ஜுலுக்களோடு, சீனாவில் அபினி விற்பதற்காக. ஊரை அடித்து உலையில் போட்ட கதைதான் எல்லாம். ஒவ்வொன்றும் கேட்டு முடித்ததும் கல்லின் முன்னால் போய் நின்று, சண்டை நடந்த இடத்தின் பேரை மெல்லச் சொல்வாள். கல் சும்மா இருக்கும். பனிமூட்டத்துக்குள் குருவிகள் கத்திக்கொண்டிருக்கும்.

முதல் உலகப் போரில் ஈராக் பாலைவனத்தில் ஆட்கள் பட்டினியில் செத்த கதையைக் கேட்டுவிட்டு, மெசபடோமியா என்று அந்த இடத்தின் பழைய பேரைச் சொன்ன அன்று குருவிகள் அடங்கின. கல்லுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

ஓடியிருப்பாள். ஆனால் இன்னொரு தடவை அவர் வந்தால் பிழைப்போமா என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பின்பக்கம் போனாள். யாரும் இல்லை. கல்லில் பாசி தடித்திருந்தது. கிளை கழிக்கிற கவாத்துக் கத்தியால் சுரண்டினாள். உள்ளே தமிழ் எழுத்து. பெரிய சண்டையில் சுமை தூக்க இந்த எஸ்டேட்டிலிருந்து மெசபடோமியா போய்த் திரும்பாதவர்கள் என்று இருந்தது. முதல் பேர் மூக்கன்.

அது பாலகுமாரின் பூட்டன் பேர். பெண்டாட்டி பிள்ளையை விட்டு ஓடிப்போனவர் என்றுதான் வீட்டில் அவரைத் திட்டுவார்கள். பாலைவனத்தில் பட்டினி கிடந்து செத்த சொந்தப் பூட்டனைத் துரையாக்கி, சுருட்டைக் கொடுத்துக் கைகட்டி நின்றிருக்கிறார்களே என்று வனிதா கல்லைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இந்த வருஷம் சோறும் தண்ணீரும் வைத்தார்கள். வந்தது. வந்ததும் போனதும் வனிதாவுக்கு நினைவில்லை. சாயங்காலம் வீட்டில் பாலகுமார்தான் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"மூக்கன் அப்பாரேன்னு கூப்பிட்டேன். 'இருக்கறனுங்க'ன்னு சொன்ன. அப்பறம் கல்லுல இருக்கற ஒவ்வொரு பேராக் கூப்பிட்டேன். எல்லாத்துக்கும் பதில் வந்துச்சு வனிதா. ஒவ்வொண்ணும் வேற வேற ஆம்பளக் குரலு."

"ஏனுங்க, என்ன வேணும்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். 'சண்டை முடிஞ்சுதுங்களா, நாங்க ஊட்டுக்குப் போலாமுங்களா'ன்னாங்க."

இத்தனை சண்டையைக் கேட்டவள் அவள். ஒன்று முடியும் முன்பே அடுத்தது தொடங்கியதைத்தான் கேட்டிருக்கிறாள். அவளிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"முடிஞ்சு நொம்ப நாளாச்சுங்க, வாங்கன்னேன். நீ கண்ணு முழிச்சுட்ட."

வெளியே தண்ணீர்த் தொட்டியில் கால் கழுவுகிற சத்தம் கேட்டது. ஒருவர் கழுவி முடித்து இன்னொருவருக்கு இடம்விடுவது போல அது நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. பாலகுமார் சுவரோரம் ஒதுங்கினான். வனிதா எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.