மாதாமாதம் மெட்ராஸிலிருந்து வந்த தம்பி

பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தபால் பை சுமக்கும் சின்னையா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். தலையில் கவிழ்த்திருந்த சாக்கை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். கொட்டுகிற மழையில் அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை. "டீச்சர், ஆஸ்பத்திரி நர்ஸம்மா தவறிட்டாங்க. நாற்காலியில உக்காந்தபடியே போயிருக்காங்க" என்றார்.

எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி. இந்த மாதப் புத்தகத்தில் கடைசி அத்தியாயம் பாக்கி இருந்ததே, கொலைகாரன் யார் என்று தெரியாமலே எஸ்தர் அக்கா போய்விட்டாரே என்றுதான் நினைத்தேன். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

கன்னியர் மடத்தில் அக்காவோடு வளர்ந்தவர்களும் அவரோடு ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள். அதிகம் பேசாத, வேலையில் கறாரான மருத்துவச்சி என்றுதான் உங்களில் பலர் அவரை அறிந்திருப்பீர்கள். மாதத்துக்கு ஒரு கொலை இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கந்தப்பளையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதுதான் பழக்கமானோம். மழைக்கு ஒதுங்கிய கடையில் பக்கத்தில் நின்ற அம்மாள் பழுப்புத் தாள் அட்டை போட்ட புத்தகத்தில் மூழ்கியிருந்தார். வேதப் புத்தகம் என்று நினைத்து மரியாதையாக எட்டிப் பார்த்தேன். 'பிணத்தின் இடது கையில் மோதிரம் இல்லை' என்றிருந்தது. பஸ் வந்தது, போனது. இரண்டு பேரும் ஏறவில்லை. "நாங்க தெனமும் பொறப்பையே பாத்து அலுத்துப் போனவங்க டீச்சர், கொஞ்சம் கொலையும் பாக்கணும்ல?" என்று சிரித்தார். இரவல் கேட்டதும் தந்துவிட்டார். நானும் பழுப்புத் தாள் அட்டை போடக் கற்றுக்கொண்டேன். கொலைக் கதை படிக்கிற டீச்சரிடம் யார் பிள்ளையை அனுப்புவார்கள்?

துப்பறியும் ஜெயசீலனின் கதைகள் மாதம் ஒன்றாக மெட்ராஸில் அச்சாகிக் கடல் தாண்டித் தபாலில் வந்தன. அக்கா சந்தா கட்டியிருந்தார். ஜெயசீலனுக்குத் துப்பாக்கி பிடிக்காது, காலில் வெள்ளைச் சப்பாத்துப் போடுவான், காப்பிதான் குடிப்பான். அந்தக் காப்பி விஷயத்தில் அக்காவுக்குத் தீராத கோபம். "நம்ம தேயிலையில ஒரு கோப்பை குடிச்சிருந்தா ரெண்டாவது கொலையே நடந்திருக்காது" என்பார். புத்தகம் வந்ததும் அவர் முதலில் படிப்பார், பிறகு சின்னையா மூலம் எனக்கு வரும். ஆனால் கடைசி அத்தியாயத்தை இருவரும் படிக்கக் கூடாது. சனிக்கிழமை நான் மலையைத் தாண்டி அவருடைய குவார்ட்டர்ஸுக்குப் போனால்தான் உண்டு. கொலைகாரன் யாரென்று ஆளுக்கொரு பேர் சொல்லிவிட்டு, மாறி மாறி உரக்கப் படிப்போம். ஏன் இந்த வீம்பு என்று ஒருமுறை கேட்டேன். "தனியா படிச்சு முடிச்சிட்டா அடுத்த மாசம் வரைக்கும் நான் யாரோட இருக்கிறது?" என்றார். நானும் பள்ளிக்கூடத்தை ஒட்டிய ஒற்றை அறையில் இருந்தவள்தான். அதன் பிறகு ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை.

தேயிலைத் தோட்டத்து உத்தியோகத்தர் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துரை பங்களாவுக்குள் நமக்கு இடமில்லை. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர் சனம் நம்மைக் கண்டால் எழுந்து நிற்கும், பக்கத்தில் உட்காராது. அந்த லயங்களில் ஓடித் திரிந்த பிள்ளைகளில் பாதிப் பேர் அக்கா கையில் விழுந்தவர்கள். பிள்ளை பிறந்தால் அவரைக் கூப்பிட ஓடி வருவார்கள். மற்ற நாளில் அவர் வீட்டு வாசற்படியை மிதிக்க ஒருவருக்கும் காரணம் இருக்கவில்லை.

ஒரு மாதம் ஜெயசீலனைச் சுட்டுவிட்டார்கள், அதுவும் கடைசி வரியில். அக்கா புத்தகத்தை மூடினார். "நெஞ்சிலயா அக்கா பட்டிருக்கு?" என்றேன். "நெஞ்சிலதான். ரத்தம் நிக்கலயாம். இனி அடுத்த மாசம்தான் சேதி வரும்" என்றார். "பொழைப்பானா?" "ஜெயசீலன் இல்லாம நான் எப்படி இருக்கப் போறேன் டீச்சர்?" அவர் குரல் உண்மையிலேயே உடைந்திருந்தது. ஆஸ்பத்திரியைக் கூட்டித் துடைக்கும் பொன்னம்மா ஜன்னலுக்கு வெளியே துணி அலசிக்கொண்டிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பிரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போதே சேதி பரவிவிட்டது. மெட்ராஸிலிருந்து நர்ஸம்மாவுக்கு மாதாமாதம் ஒரு கட்டு வருவது தோட்டத்துக்கே தெரியும். அனுப்புகிறவர் கூடப் பிறந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்களே வெகுநாளாக முடிவு செய்து வைத்திருந்தார்களாம். அந்தத் தம்பிக்குப் பேரும் இப்போது கிடைத்துவிட்டது. சாயந்தரம் பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு, கூடையை இறக்கிய கையோடு பெண்கள் வந்தார்கள். ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்தார்கள். பொன்னம்மா மாரியம்மன் கோயில் திருநீற்றைத் தாளில் மடித்து அக்கா கையில் வைத்து, "ஒண்ணும் ஆகாதும்மா. தம்பி பேருல வேண்டியிருக்கோம்" என்றாளாம். பிறகு தரையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாளாம். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. "நான் ஒரு பொய்யும் சொல்லல டீச்சர். அவங்களா கொண்டுவந்து குடுத்தாங்க, வேணாம்னு சொல்ல எனக்கு மனசு வரல. இந்த வீட்டுல எனக்காக யாரும் உக்காந்ததில்ல. உண்மையச் சொன்னா எந்திரிச்சுப் போயிருவாங்க" என்றார். தாய் தகப்பன் முகம் அறியாதவர் அவர்.

ஜெயசீலன் பிழைத்துக்கொண்டான். அவன் பேரில் கோயிலில் தேங்காய் உடைத்தார்கள். அக்கா சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார். அன்று முதல் புத்தகம் வரும் வாரமெல்லாம் பெண்கள் வந்தார்கள். தம்பி பம்பாய் போயிருக்கிறான், கள்ள நோட்டுக்காரனைப் பிடித்துவிட்டான் என்று அக்கா சேதி சொல்வார். ஒருமுறை நான் இருக்கும்போதே பொன்னம்மா, "தம்பி ஒரு தரம் இங்க வந்துட்டுப் போகக் கூடாதாம்மா?" என்று கேட்டாள். அக்கா பதில் தேடுவதற்குள் அவளே சொல்லிவிட்டாள். "பாஸ்போட்டுக் குடுக்க மாட்றாங்களா? எங்க அண்ணனுக்கும் அதே கததான். போனவரு போனவருதான்."

சுற்றியிருந்த பெண்கள் தலையாட்டினார்கள். அவர்கள் ஏன் நம்பினார்கள் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. கப்பலேற்றி அனுப்பப்பட்டு, கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வர முடியாத ஒருவர் இல்லாத வீடே அந்த லயத்தில் இல்லை. நர்ஸம்மாவுக்கும் ஒருவர் இருப்பதில் அவர்களுக்கு என்ன ஆச்சரியம்?

அடக்கத்தன்று மழை விட்டிருந்தது. ஃபாதர் ஜெபத்தைத் தொடங்கப் போனபோது பொன்னம்மாவின் புருஷன் முன்னால் வந்து, தம்பி வரும்வரை பெட்டியை மூட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "எந்தத் தம்பி? அந்த அம்மாவுக்கு ஒருத்தரும்..." என்று தோட்டத்து ஆபீஸ் கிளார்க்கர் ஐயா ஆரம்பித்தார். அவரை முடிக்க விடாமல் நான் குறுக்கே புகுந்தேன். பொன்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பிக்குத் தந்தி அடிச்சாச்சா டீச்சர்?"

"அடிச்சாச்சு பொன்னம்மா. பாஸ்போர்ட் கிடைக்கலயாம்."

அதுவரை அடக்கி வைத்திருந்தவள் அப்போதுதான் வெடித்து அழுதாள். "பாவம், அக்கா மொகத்தக்கூடப் பாக்கக் குடுத்து வைக்கலயே அந்த மனுசனுக்கு." அவளுடைய புருஷன் குழியருகே குனிந்து ஒரு பிடி மண் போட்டார். பிறகு இன்னொரு பிடி எடுத்து, "இது தம்பி பேருக்கு" என்று சொல்லிப் போட்டார். கிளார்க்கர் ஐயா என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அவருக்கும் என் நன்றி.

அக்கா ஒருமுறை சொன்னது அன்று வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. "கொலைகாரனையெல்லாம் பிடிச்சிட்டு இவன் வீட்டுக்குப் போறானே, அங்க கதவைத் தெறக்க யாரு இருக்கா? எழுதுறவருக்கு அது தோணவே இல்ல பாருங்க." எஸ்தர் அக்கா, உங்களுக்கு அது தோன்றியது. உங்கள் கதவையும் திறக்க ஆள் வந்தது. நான்தான் இப்போது பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கிறேன்.

இந்தத் தோட்டத்துப் பக்கம் வருகிறவர்கள் தயவுசெய்து தம்பி யார் என்பதை லயத்தில் சொல்லிவிடாதீர்கள். பாக்கி இருந்த அந்தக் கடைசி அத்தியாயத்தை நான் படிக்கவில்லை. ஆளுக்கொரு பேர் சொல்ல ஆளில்லாமல் அதைப் படித்து என்ன? ஆனால் சந்தாவை என் பேருக்கு மாற்றிக்கொண்டேன். அக்கா எனக்கென்று விட்டுப்போனது அந்தத் தம்பியைத்தான். நான் நடந்து போன மலையை இப்போது பொன்னம்மா சனிக்கிழமைகளில் எதிர்ப்பக்கமாக நடந்து வருகிறாள். என் அறையில் தரையில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு, "தம்பி எப்படி இருக்காரு டீச்சர்? அக்கா போன துக்கம் ஆறிருச்சா?" என்று கேட்கிறாள். இந்த மாதம் அவனைக் கையைக் கட்டிப் பாழுங்கிணற்றில் தள்ளியிருக்கிறார்கள். நல்லா இருக்காரு, உங்களையெல்லாம் விசாரிச்சாரு என்று சொல்லியிருக்கிறேன்.