தானாகப் போகாத படங்கள்

தி.நகரில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது அவர் கடை. பெரிய கடைகளில் கேட்ட தொகை எனக்குக் கட்டுப்படியாகாததால் அங்கே போனேன். கெட்டுப்போன டிஸ்க்குகளிலிருந்து படங்களை மீட்டுத் தரும் நரைத்த தாடிக்காரர். எந்த ஹார்ட் டிஸ்க்கையும் முதலில் காதில் வைத்து, கண்ணை மூடிக் கேட்பார்.

நான் கொண்டுபோனது எங்கள் குடும்பப் படங்கள் இருந்த டிஸ்க். "கெட்டுப்போச்சு" என்று அண்ணன் குப்பையில் போடவிருந்ததை நான்தான் கேட்டு வாங்கி வந்திருந்தேன்.

மறுநாள் அவர் தயங்கினார். "எல்லாம் வந்துட்ச்சும்மா. ஆனா கொஞ்சம் படம் டிஸ்க் கெட்டதால போகல. அதுக்கு முன்னாடியே யாரோ ஒண்ணொண்ணா பாத்து அழிச்சிக்கீறாங்க."

"எந்தப் படம்?"

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "எல்லாத்துலயும் நீங்க கீறீங்க."

அண்ணனை நான் இன்னும் எதுவும் கேட்கவில்லை. பேசாமல் கொடுத்திருக்கலாமே என்று அந்த மனிதர்மேல்தான் கோபம் கோபமாக வருகிறது.