மூக்குப் பக்கத்து நிழல்

கீரப்பாளையம் பின்னால் போய்விட்டது. கையில் ஒரு துணிப்பையோடு கடலூர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். மாமாவின் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்து, டார்ச் அடித்து ஆட்களை உட்காரவைக்கும் வேலையை அன்று காலைதான் விட்டிருந்தேன். மாமா என் அம்மாவின் தம்பி. அறுபதுகளில் வயல்காட்டு நடுவே கீற்றுக் கொட்டகை வைத்திருந்தவர்களுக்கெல்லாம் சக்கரவர்த்தி என்று நினைப்பு. எங்கள் சக்கரவர்த்திக்கு இடது கண் தெரியாது.

அதை அவர் இழந்த விதமே அலாதி. வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் எல்லாம் வந்தது. கண்புரைதான், பழுக்கட்டும், அப்புறம் அறுத்துக்கொள்ளலாம் என்று மாம்பழத்துக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தார். பழுக்கவில்லை, பார்வைதான் போனது.

அதே வளையம் கொட்டகையில் எனக்கும் தெரிய ஆரம்பித்தது. சிதம்பரத்தில் ஒரு கண் டாக்டரிடம் போனேன். அவர் பக்கவாட்டில் டார்ச் அடித்தார். சரியான கண்ணில் கருவிழி முழுக்க வெளிச்சம் பரவுமாம். என் கண்ணில் மூக்குப் பக்கம் நிழல் விழுந்தது. சின்னக் கண், முன்பக்கம் ஆழமில்லை, உள்ளே ஊறும் நீர் வடிகிற மூலை ரொம்ப இடுக்கு என்றார். இருட்டில் கண் பாப்பா விரிந்தால் அந்த மூலை அடைத்துக்கொள்ளும். நீர் தேங்கி அழுத்தி நரம்பைக் கொன்றுவிடும். குடும்பத்தில் வரும் கண் இது என்று சொல்லி, சொட்டு மருந்து கொடுத்தார். சின்னதாக ஒரு ஆபரேஷன் செய்யவேண்டும், அது முடியும்வரை இருட்டில் வேலை கூடாது என்றார்.

திரும்பி வந்து கொட்டகை டார்ச்சை மாமாவின் மிச்சக் கண்ணில் பக்கவாட்டாக அடித்தேன். அதே நிழல்.

"மாமா, இந்தக் கண்ணும் அப்பிடித்தான் இருக்கு. டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

"போடா. இருட்டுல கண்ணு கெடும்னா ஆந்தைக்கு எப்பவோ கெட்டிருக்கும்."

"ஆந்தைக்கு உங்க கண்ணு இல்ல மாமா."

"வேல ஜாஸ்தின்னு சொல்லிட்டுப் போயேன். எட்டாவது ஃபெயிலு, எனக்கு வைத்தியம் சொல்ல வந்துட்டாரு தொர!"

பக்கத்தில் நின்ற ஆபரேட்டர் சிரித்தார். மாமா பேசினால் சிரிப்பதும் அவர் வேலையில் சேர்த்தி. மூலை இடுக்கான அந்தக் கண்ணில் பிடிவாதத்துக்கு மட்டும் தாராளமாக இடம் இருந்தது. அது போகும்போதும் பழுக்கட்டும் என்றுதான் உட்கார்ந்திருப்பார். உட்காரட்டும். எனக்கு இரண்டு கண்ணும் வேண்டியிருந்தது.

புவனகிரி தாண்டி ஒரு நெல் லாரி ஏற்றிக்கொண்டது. ராத்திரி கடலூர் முதுநகர் ரயில் ஸ்டேஷனில் படுத்தேன். காலையில் மீன் காயவைக்கும் மணல்வெளிக்குப் போய், அதை நடத்திய பாயிடம் வேலை கேட்டேன்.

"காக்கா வெரட்டணும். நாள் பூரா வெயிலு, ஒதுங்க ஒரு மரம் கெடையாது. நேத்து வந்தவன் மத்தியானமே ஓடிட்டான்."

"எனக்கு வெயில்தான் வேணும் பாய்."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு கம்பை நீட்டினார். வாங்கிக்கொண்டு கருவாட்டுப் பக்கம் போனேன்.