காலிக் கட்டத்தில் பூஜ்யம் போடாதீர்கள்

1. பின்பக்கத்துச் சாவி

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்கு உட்கார நாற்காலி கொடுக்கவில்லை, ஒரு சாவியைக் கொடுத்தார்கள். அலுவலகத்தின் பின்பக்கம் கம்பி வேலி போட்ட சின்ன இடம் ஒன்று இருந்தது. உள்ளே ஒரு மழைமானி. அந்த வேலிக் கதவின் சாவிதான் அது.

அரூர் பக்கம் ஒரு அரசு அலுவலகம். கணவர் பணியில் இருக்கும்போதே தவறிவிட்டதால் கருணை அடிப்படையில் கிடைத்த உதவியாளர் வேலை. பழைய கட்டுகளைத் தூசி தட்ட வேண்டும், தபால் பிரிக்க வேண்டும். அதோடு தினமும் காலை எட்டரை மணிக்கு மழை அளக்க வேண்டும். மழைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது என்பதால் அளக்கிறவருக்கும் லீவு கிடையாது. அதனால் குடும்பஸ்தர்கள் எல்லாரும் நழுவிவிட்டார்கள். கடைசியில் தலைமை எழுத்தர் என்னைப் பார்த்தார்.

"உங்களுக்குப் பின்னாடியே குவார்ட்டர்ஸ் இருக்குது மேடம். பையனும் ஹாஸ்டல்ல இருக்கறான். வூட்ல தனியா குந்திக்கினு என்னாங்க பண்ணப் போறீங்க?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. சாவியை வாங்கிக்கொண்டேன்.

மழைமானியைக் கட்டிடத்தை ஒட்டி வைக்கக் கூடாது. மரத்தடியில் வைக்கக் கூடாது. பக்கத்தில் எதுவுமே இல்லாமல் திறந்தவெளியில் தனியாக நிற்க வேண்டும், அப்போதுதான் அளவு சரியாக வரும். இந்த விதியைப் படித்த அன்றே எனக்கு அதன்மேல் ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது.

இன்னொரு விதியும் இருந்தது. மழை பெய்யாவிட்டாலும் போய்த் திறந்து பார்த்துவிட்டு, பூஜ்யம் என்று மாவட்டத் தலைமையிடத்துக்குத் தகவல் அனுப்ப வேண்டும். பார்க்க முடியாத நாளில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட வேண்டும்.

"காலியா வுட்டா ஏன் எதுக்குன்னு கேப்பாங்க. பேசாம ஜீரோ போட்டுடுங்க மேடம். எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க" என்றார் தலைமை எழுத்தர்.

நான் போட மாட்டேன் என்றேன். கொள்கை எல்லாம் ஒன்றுமில்லை, அவர்மேல் இருந்த கோபம்தான். பிற்காலத்தில் பல உயிர்களைக் காப்பாற்றிய பழக்கம் அப்படி ஒரு வீம்பில்தான் தொடங்கியது.

அந்தக் கோடையில் ஒரு நாள், வானத்தில் பொட்டு மேகம் இல்லாத காலையில், மானியில் தண்ணீர் இருந்தது. கண்ணாடி ஜாடியில் ஊற்றிக் கண்ணுக்கு நேராகப் பிடித்தபோது ரச வாசனை அடித்தது. யாரோ வேலிக்கு மேலே கையை நீட்டி டிபன் பாக்ஸ் கழுவியிருக்கிறார்கள். மறுநாள் மறைந்து நின்று ஆளைப் பிடித்தேன். பட்டாவுக்கு அலைந்துகொண்டிருந்த ஒரு பெரியவர். நான் போட்ட சத்தத்தில் அலுவலகமே பின்பக்கம் கூடிவிட்டது. அன்றிலிருந்து எனக்கு 'மழை மேடம்' என்று பெயர்.

2. பாறைமேல் சிக்னல்

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோடை மழை ஊரெல்லாம் சேர்த்துப் பெய்யாது. இங்கே தார் உருகும், அதே நேரத்தில் சித்தேரி மலையில் கொட்டித் தீர்க்கும். அந்தத் தண்ணீர் கொஞ்ச நேரம் கழித்து, வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே, காய்ந்த ஓடையில் திடுதிப்பென்று வந்து நிற்கும். என் மானி அப்போதும் வறண்டுதான் கிடக்கும்.

மலைமேல் எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. கிடைத்தவள் பொன்னம்மா. சாமையும் தினையும் போடுகிறவள், சீசனில் கடுக்காயும் புளியும் பொறுக்குவாள். மகளுக்குச் சாதிச் சான்று வாங்க வந்து நாள் முழுக்கக் காத்திருந்தவள், நான் வேலிக்குள் குனிந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"எங்க மலையில பேயிற மழய இங்க சட்டி வெச்சுப் புடிக்கிறீங்களாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வேலையில் சேர்ந்தபிறகு அலுவலக வளாகத்தில் நான் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். நம்பரைக் கொடுத்து, கோடை மாதங்களில் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு போன் செய்யச் சொன்னேன். மழை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

"இல்லாததுக்கு எதுக்குங்க போனு?"

"நீங்க சொல்லலன்னா எனக்கு எப்படித் தெரியும்? மழை இல்லாம சொல்லலயா, சொல்ல முடியாம சொல்லலயா? சொல்லாத நாள்ல நானா மழை இல்லன்னு எழுதிக்கக் கூடாதுங்க."

அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது, ஆனாலும் செய்தாள். அவள் ஊரில் ஒரு பாறைமேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். தினமும் நாலு மணிக்கு ஏறி, "மழ இல்லீங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். சில நாள் நான் பேச்சை நீட்டுவேன். என்ன சமையல், மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்பேன். உண்மையைச் சொன்னால், பல நாள்களில் அலுவலக வேலை தவிர்த்து நான் பேசிய பேச்சு அது ஒன்றுதான். பையன் படித்து முடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். மாதம் ஓரிரு முறை பேசுவான், அதுவும் டிராபிக்கில் நின்றுகொண்டு.

ஒரு கோடையில் மேலே பலத்த மழை என்றாள் பொன்னம்மா. நான் அடிவாரக் கிராமத்துத் தலையாரி முருகேசனிடம் சொல்லி, காய்ந்த ஓடை மணலில் விருந்து சமைத்துக்கொண்டிருந்தவர்களை எல்லாம் வெளியேற்றினேன். அந்தத் தண்ணீர் மலையின் மறுபக்கம் இறங்கிப் போய்விட்டது. இந்தப் பக்கம் மணல்கூட நனையவில்லை. டீக்கடையில் எல்லாரும் என்னை ஓட்டினார்கள். மழை மேடம் குடை எடுக்கச் சொன்னால் துணி காயப் போடலாம் என்று ஒருத்தர் சொன்னது என் காதுக்கே வந்தது. சிரிப்பதுபோல் நின்றேன், உள்ளுக்குள் எரிந்தது.

3. கறிச்சோறு வேகும் நேரம்

அடுத்த கோடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த அடிவார ஓடைக்கரையில் ஒரு முனியப்பன் கோயில் உண்டு. கோடையில் ஓடை காய்ந்துவிடுவதால், கிடா வெட்டுகிறவர்கள் ஓடை மணலிலேயே கல் கூட்டி அடுப்பு வைப்பார்கள். புங்க மர நிழல், படுக்க மணல், பிள்ளைகளுக்கு விளையாட இடம். அன்று பல குடும்பங்கள் சேர்ந்து மைக் செட்டெல்லாம் போட்டு நடத்திக்கொண்டிருந்தார்கள்.

நாலு மணி ஆயிற்று. பொன்னம்மா கூப்பிடவில்லை.

நான் கூப்பிட்டேன், 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றது. வெளியே வந்து பார்த்தேன், மண்டையைப் பிளக்கும் வெயில். மலைப்பக்கம் வெறும் புழுதி மூட்டம்தான் தெரிந்தது. மாவட்டக் கண்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டேன். மலைமேல் ஒரு ஆட்டோமேட்டிக் மழைமானி உண்டு, சிம் கார்டு வழியாக அதுவே அளவை அனுப்பிவிடும்.

"ஜீரோதாங்க மேடம் காட்டுது" என்றார் அங்கே இருந்த தம்பி.

"கடைசியா எப்ப வந்த ஜீரோன்னு பாருங்க தம்பி."

கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தார். "மத்தியானத்துக்கு மேல ஒன்னுமே வரலீங்க. பழய ஜீரோவே நிக்குது. டவர் போயிருக்கும்போல. மேடம், எதுக்கும் ஓடையில இருக்கற ஆளுங்கள மேட்டுக்கு ஏத்திடுங்க, நான் போலீஸ் ஸ்டேஷனுக்கும் சொல்லிடறேன்."

சித்தேரிப் பக்கம் டவர் போவது புதிதல்ல, நல்ல காற்றடித்தாலே போகும். மழையே இல்லாமலும் இருக்கலாம். இன்னொரு தடவை பொய்யாகிவிட்டால், அப்புறம் நான் என்ன சொன்னாலும் அந்த அடிவாரத்தில் ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். யாரையாவது ஒரு வார்த்தை கேட்கலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தில் என்னைத் தவிர ஆள் இல்லை. பயமாக இருந்தது. அந்தப் பயத்தோடேயே முருகேசனைக் கூப்பிட்டேன். அவரும் அந்த விருந்தில்தான் இருந்தார்.

"மேடம், வெயிலப் பாத்தீங்களா? இப்பத்தான் எல போடறாங்க. நான் சொன்னா அடிக்க வருவாங்க. நீங்களே பேசிக்குங்க" என்று சொல்லிவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு மைக்குக்கு முன்னால் பிடித்துவிட்டார். பாட்டு நின்றது.

இப்படி நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வாயில் வந்ததைப் பேசினேன்.

"ஐயா, அம்மா, நான் மழை மேடம் பேசறேன். போன வருசம் உங்கள வீணா எழுப்புனவ நானேதான். இன்னைக்கும் மலையில மழையான்னு எனக்குத் தெரியாதுங்க. தினமும் இந்நேரத்துக்கு மழ இல்லன்னு சொல்ற ஆளு இன்னைக்குச் சொல்லல. அது ஒன்னுதான் தெரியும். புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு ஏறிடுங்க. தண்ணி வரலன்னா நாளைக்கு என் வூட்டு வாசல்ல வந்து நின்னு திட்டுங்க, கேட்டுக்கறேன்."

சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு ஆண் குரல்.

"படையல் போட்ட எடத்த வுட்டுக் கறிய நகத்தலாமாங்க? முனியப்பன் வுடுவானா?"

வெட்டிய கறியை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, அங்கேயே ஆக்கி அங்கேயே தின்று தீர்த்துவிட வேண்டும் என்பது அந்தக் கோயில் வழக்கம். விதியை மீறச் சொல்ல எனக்கே வராது. அப்போது பூசாரி மைக்கைப் பிடுங்கினார்.

"முனியப்பன் எங்கடா நிக்கறான்? மணல்லயா நிக்கறான்? மேட்டு மேலதான நிக்கறான்? அவன் காலடியில குந்தித் தின்னா குத்தமா? குண்டானத் தூக்குங்கடா!"

பாத்திரங்கள் இடிபடும் சத்தம், பிள்ளைகள் அழும் சத்தம், யாரோ என்னைத் திட்டும் சத்தம். அதோடு போன் கட்டாகிவிட்டது.

திரும்பக் கூப்பிடவில்லை. கேட்டு என்ன தெரிந்துகொள்ளப் போகிறேன்? வேலிப் பக்கம் போய் நின்றேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் வராவிட்டால் எனக்கு அவமானம், வந்துவிட்டால் ஏறாதவர்கள் கதி என்ன என்று மாறி மாறி நினைத்தேன். எனக்கு எது நடக்க வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

முருகேசன் போன் வந்தது. "மேடம், கேளுங்க" என்று மட்டும் சொன்னார். லாரி லாரியாக ஜல்லி கொட்டுவதுபோல ஒரு இரைச்சல் கேட்டது.

"செவசெவன்னு வருதுங்க மேடம். அடுப்பு, பாயி, என் வண்டி, மைக் பொட்டி அத்தினியும் போச்சுங்க. ஆளு யாரும் போவலீங்க. ரெண்டு தரம் எண்ணிட்டோம்ங்க. எல்லாரும் முனியப்பங்கிட்ட நிக்கறோம்."

அவர் அழுதார். நானும் அழுதேன். அவரைச் சுற்றி அத்தனை பேர் இருந்தார்கள், என்னைச் சுற்றி யாரும் இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. மகனைக் கூப்பிட்டேன். "மீட்டிங்ல இருக்கேன்மா, அப்புறம் பேசறேன்" என்றான். வீட்டுக்குப் போய்த் தோசை வார்த்துச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு மானியைத் திறந்தேன், காய்ந்து கிடந்தது. மழை பூஜ்யம் என்று அனுப்பினேன்.

4. திரும்பி வந்த விதி

பொன்னம்மா மறுநாளும் கூப்பிடவில்லை, அதற்கு அடுத்த நாளும் இல்லை. மலைமேல் மின்னல் விழுந்து டவர் கருகிவிட்டது என்றார்கள், மலை ரோட்டில் பாறை சரிந்து பஸ் இல்லை என்றார்கள். அந்தப் பாறைமேல் நாலு மணிக்கு ஏறச் சொன்னவள் நான்தானே என்று அவள் நம்பரையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள், சரியாக நாலு மணிக்கு, அந்தக் குரல்.

"மழ இல்லீங்க மேடம்."

"எங்க போய்த் தொலஞ்ச நீ?" என்று கத்தினேன். அவளை 'நீ' என்று நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அன்னிக்குப் பாறைக்குப் போனேனுங்க. பேய் மழ. சிக்னலு இல்ல. இங்கேருந்து கத்துனா உங்களுக்குக் கேக்குமான்னு கத்திக்கூடப் பாத்தேனுங்க" என்று சிரித்தாள்.

இப்போது நான் ஓய்வுபெற்று, கம்பைநல்லூரில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறேன். என் இடத்துக்கு வந்த பெண் கெட்டிக்காரி. பொன்னம்மா அவளுக்கும் தகவல் சொல்கிறாள். ஆனால் நாலு மணிக்கு எனக்கும் ஒரு போன் வரும். எனக்கு இனி அந்தத் தகவலால் ஒரு பயனும் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. நானும் உள்ளபடியே வற்புறுத்தவில்லை.

போன மாதம் காய்ச்சலில் விழுந்தேன். போன் சார்ஜ் இல்லாமல் எங்கோ கிடந்தது. எத்தனை நேரம் படுத்திருந்தேன் என்று தெரியவில்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்தேன். பொன்னம்மா நின்றிருந்தாள். மலையிலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறாள், கையில் ஒரு பை சாமை அரிசி.

"நேத்து நீங்க போன எடுக்கலீங்க. காத்தாலயும் எடுக்கலீங்க. அதாங்க வந்தேன்."

"ஒரு நாள் எடுக்கலன்னா இவ்வளவு தூரம் வருவாங்களா?"

"நீங்கதானுங்க சொன்னீங்க. சொல்லலன்னா நாமளா ஒன்னுமில்லன்னு எழுதிக்கக் கூடாதுன்னு."

வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அவள் என்னைத் தாண்டி உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். திரையில் பூஜ்யம் நின்றால், அது எப்போது வந்த பூஜ்யம் என்று பாருங்கள். தகவல் வராத கட்டத்தைக் காலியாக விடுங்கள், விட்டுவிட்டு எழுந்துபோய் விசாரியுங்கள்.

அன்று கஞ்சி குடித்துவிட்டுப் படுத்திருந்தேன். பொன்னம்மா காலடியில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலானது. அவள் கீரையைக் கீழே வைத்துவிட்டு, எட்டி ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள்.

"மழ இல்லீங்க மேடம்" என்றாள்.