ஏழு பேரீச்சம்பழங்கள்

ஷஹாத்தா இருபது வருடமாகத் தந்தா நகரச் சாலையில் மைக்ரோபஸ் ஓட்டுபவர். ரமலானின் இரண்டாவது சனிக்கிழமையும் தானே ஓட்டித்தான் டயாலிசிஸுக்கு வந்தார். வாசலில் இறங்கப் பார்த்தபோது கால்கள் எழவில்லை. காவலாளி தூக்கி வந்தார்.

“உஸ்தா, என்ன சாப்பிட்டீங்க?” என்றேன். அந்த வார்டின் நர்ஸ் நான்; டிரைவர்களை இங்கே உஸ்தா என்றுதான் கூப்பிடுவோம்.

“வியாழன், வெள்ளி நோன்பு வச்சேன் ஸப்ரீன். பகல்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. கிட்னிக்கும் ஓய்வு குடுத்தாச்சு.”

“நோன்பு எதுல திறந்தீங்க?”

“வேறெதுல? பேரீச்சம்பழம். ஒத்தைப்படையா ஏழு. அப்புறம் ஆப்ரிகாட் சாறு. நீ தண்ணியத்தானே குறைக்கச் சொன்ன?”

இசிஜி தாளில் அலைகள் கூடாரம் போல நிமிர்ந்திருந்தன. டாக்டர் கால்சியம் ஊசியை ஏற்றிக்கொண்டே, “மெஷின் வேணும், உடனே. ஹார்ட் எப்ப வேணா நிக்கும்” என்றார். எட்டு மெஷின்களிலும் ஆள் இருந்தது.

மூன்றாம் படுக்கையில் மெஷினோடு இணைந்திருந்த பெண்மணி உம்மு தவ்ஃபீக் கத்தினார்: “என்னைக் கழட்டுடி! ரெண்டு மணி நேரம் ஓடிருச்சு, சாக மாட்டேன்.”

கழற்றி, சுத்தம் செய்து, புது வடிகட்டி மாட்ட இருபது நிமிடமாவது ஆகும். ஷஹாத்தாவின் கண்கள் செருகின.

“தூங்காதீங்க உஸ்தா. ஏதாவது கேளுங்க.”

“பழத்துல என்ன விஷமா இருக்கு?”

குழாய்களை மாட்டிக்கொண்டே பேசினேன். “ஒவ்வொரு கிட்னியிலயும் சுமார் பத்து லட்சம் ரத்தக்குழாய் முடிச்சு இருக்கு. உள்ள வர்ற வழி அகலம், வெளிய போற வழி குறுகல். அந்த அழுத்தத்துல தண்ணியும் உப்பும் சல்லடை வழியா பிதுங்கிடும். ரத்த அணுவும் புரதமும் தங்கிடும். பிதுங்கினது நீளமான குழாய்ல போகும்போது, வேணுங்கிறத உடம்பு திரும்ப எடுத்துக்கும். மிச்ச பொட்டாசியத்தக் குழாய்ச் சுவரே வெளிய தள்ளிடும்.”

“எனக்கு?”

“முடிச்செல்லாம் தழும்பாயிடுச்சு. ஓய்வு குடுத்தாலும் திரும்பாது. பழத்துல இருக்கிற பொட்டாசியம் போக வழியில்ல. அதுதான் ஹார்ட்ட நிறுத்தப் பாக்குது.”

“ரெண்டு வருஷமா இதை ஏன் சொல்லல?”

எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் நான். நர்சிங் தேர்வில் இதே முடிச்சை மூன்று நிறங்களில் வரைந்து முழு மதிப்பெண் எடுத்தேன். எழுதப் படிக்கத் தெரியாத இவரிடம் உணவுப் பட்டியலை மளமளவென்று வாசித்துவிட்டுக் கைரேகை வாங்கிக்கொண்டேன். பேரீச்சம்பழம் அதில் பதினான்காவது வரி. படித்ததெல்லாம் யாருக்காக?

மெஷின் சுழன்றது. முதல் பத்து நிமிடம் திரையைவிட்டு யாரும் கண்ணை எடுக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் அலைகள் தணிந்தன. அவர் கால்விரலை அசைத்துப் பார்த்தார்.

“இனிமே நோன்பு வேண்டாம் உஸ்தா.”

அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினார். “சாயங்காலம் வீட்டுல எல்லாரும் நோன்பு திறக்கிற பாங்குக்குக் காத்திருப்பாங்க. நான் எதுக்குக் காத்திருக்கிறது?”



“இன்னைக்கு எனக்காகக் காத்திரு” என்றார் உம்மு தவ்ஃபீக், பக்கத்தில் உட்கார்ந்து, கையில் ஒட்டிய பஞ்சைத் தடவியபடி. “நீ இறங்கினதும் என் பாக்கி ரெண்டு மணி நேரத்த நான் ஓட்டணும். தனியா உக்காந்தா எனக்கு போரடிக்கும், எருமை.”

ஷஹாத்தா சிரிக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கம் திரும்பிப் படுத்தார்.